ஜல்லி இறங்குவதற்கு முன்பே: மாநகராட்சி வேலை எப்படி முடிவாகிறது?

தெருமுனையில் ஜல்லியும் எம்.சாண்டும் வந்து இறங்கும்போதுதான், நம் தெருவுக்கு ஏதோ வேலை வந்திருக்கிறது என்று நம்மில் பலருக்குத் தெரிகிறது. அந்த நேரத்தில் போய், "முதலில் ஓடையைக் கட்டுங்கள், அப்புறம் ரோடு போடலாம்" என்று சொன்னால் ஒப்பந்ததாரரால் ஒன்றும் செய்ய முடியாது. அவர் கையில் இருக்கும் வேலை உத்தரவில் ஓடை கிடையாது. அது வேண்டாம் என்றோ, அதைப் பற்றி யோசிக்காமலோ, பல மாதங்களுக்கு முன்பே மாநகராட்சிக் கூட்டத்துக்கான ஓர் அஜெண்டாவின் நாலைந்து வரிகளில் முடிவெடுத்தாகிவிட்டது.

அந்த வரிகளை எப்படிப் படிப்பது, அதற்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது என்று தெரிந்தால், சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லலாம். நான் நாகர்கோவிலை வைத்தே விளக்குகிறேன். திருவிதாங்கூர் காலத்திலேயே நகராட்சியாக இருந்து, 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி மாவட்டத்தோடு தமிழ்நாட்டுக்கு வந்து, 2019-ல் மாநகராட்சியான ஊர் இது. 52 வார்டுகள். விதிகள் தமிழ்நாட்டின் மற்ற மாநகராட்சிகளுக்கும் பெரும்பாலும் இவையேதான். 1998-ல் இயற்றப்பட்டு, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம்தான் இப்போது எல்லாருக்கும் பொது.

முதலில் தெரிய வேண்டியது, எந்த ரோடு யாருடையது என்பது. மனு கொடுக்கும் பலர் இதில்தான் வழி தவறுகிறார்கள். திருவனந்தபுரத்திலிருந்து பார்வதிபுரம் வழியாக வரும் தேசிய நெடுஞ்சாலையில் பள்ளம் விழுந்தால் மாநகராட்சி அதில் கை வைக்க முடியாது. ஊருக்குள்ளேயே சில பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில் இருக்கின்றன. அனந்தனார் சானல் என்ற பாசனக் கால்வாய் நீர்வளத் துறையுடையது. மாநகராட்சிக்கு உரியவை உட்தெருக்கள், முடுக்குகள் என்று நாம் சொல்லும் சந்துகள், மழைநீர் ஓடைகள், தெருவிளக்குகள், குடிநீர்க் குழாய்கள், குப்பை, பூங்காக்கள், மயானங்கள், வடசேரி பஸ் நிலையம் போன்ற சொத்துகள். 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையாகச் சேர்த்தது. சாலை, பாலம், குடிநீர், தெருவிளக்கு, பஸ் நிறுத்தம், சுடுகாடு எல்லாம் அதில் உண்டு. உங்கள் தெரு யார் கணக்கில் இருக்கிறது என்று வார்டு உதவிப் பொறியாளரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பாதி அலைச்சல் மிச்சம்.

மாமன்றம் என்பது மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர்கள் கூடும் அவை. அவர்கள் தங்களுக்குள் மேயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆணையர் அரசு நியமிக்கும் அதிகாரி. முடிவெடுப்பது மாமன்றம், நிறைவேற்றுவது ஆணையர் என்பது ஏட்டளவிலான பிரிவு. நடைமுறையில் எந்த வேலை மன்றத்தின் முன் வர வேண்டும், அதற்கு எவ்வளவு மதிப்பீடு என்பதெல்லாம் பொறியாளர் பிரிவில் எழுதப்பட்டு, ஆணையரின் கையெழுத்தோடு வருகிறது. ஒரு தொகை வரை ஆணையரே அனுமதிக்கலாம். அதைத் தாண்டினால் குழுவும் மன்றமும். இன்னும் பெரிய தொகை என்றால் சென்னையில் இருக்கும் நகராட்சி நிர்வாக இயக்குநர் அலுவலகமும் அரசும். ஆகவே கவுன்சிலரைப் பிடித்தால் மட்டும் போதும் என்று நினைப்பதும் தவறு, கவுன்சிலரால் ஒன்றும் ஆகாது என்று விட்டுவிடுவதும் தவறு. கோப்பு தொடங்குவது பொறியாளரிடம். அதைத் தொடங்க வைக்கும் உரிமை கவுன்சிலரிடம்.

மாமன்றத்தின் மாதாந்திரக் கூட்டத்தை இயல்புக் கூட்டம் என்கிறார்கள். இடையில் தேவைப்பட்டால் அவசரக் கூட்டம். கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்பு கவுன்சிலர்களுக்கு அஜெண்டா போகும். இரங்கல் தீர்மானம், போன மாதக் கூட்ட நடவடிக்கையை உறுதி செய்தல் என்று தொடங்கி, பிறகு பொருள் எண் 1, 2, 3 என்று நீண்டுகொண்டே போகும். பிளீச்சிங் பவுடர் வாங்குவது, தண்ணீர் ஏற்றும் மோட்டாரைப் பழுது பார்ப்பது, கட்டணக் கழிப்பிடத்தின் வசூல் உரிமையை ஏலம் விடுவது, கடை வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது, துப்புரவுப் பணியை வெளியாட்களிடம் ஒப்படைப்பது, தெருநாய்களுக்குக் கருத்தடை, ஒரு தெருவுக்குப் பெயர். இடையிடையே ரோடு வேலைகள். படிக்கச் சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு நகரம் அன்றாடம் நடப்பது இந்தச் சலிப்பான தாள்களில்தான். மேயரின் பேட்டியைவிட அஜெண்டாவைப் படிப்பதே ஊரைப் பற்றி அதிகம் சொல்லித்தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு ரோடு வேலை அஜெண்டாவில் எப்படி இருக்கும்? நானே ஒரு மாதிரி எழுதிக் காட்டுகிறேன்:

"பொருள் எண் 23. இம்மாநகராட்சி, வார்டு எண் –, மேற்குத் தெருவில் பழுதடைந்த தளத்தை அகற்றிவிட்டு கான்கிரீட் தளம் அமைக்கும் பணிக்கு ரூ.6.00 லட்சத்திற்கு மதிப்பீடு தயாரிக்கப்பட்டுள்ளது. இதற்கான செலவினத்தைப் பொது நிதியிலிருந்து மேற்கொள்ள மன்றத்தின் அனுமதி வேண்டப்படுகிறது."

இந்த மூன்று வரிகளில் கவனிக்க நாலு இடங்கள் உண்டு: வேலையின் விவரம், தொகை, நிதி, கடைசியில் வரும் வினைச்சொல். தொகை எல்லார் கண்ணிலும் படும். நிதியும் வினைச்சொல்லும் படுவதில்லை. அவற்றில்தான் விஷயம் இருக்கிறது.

நிதியைப் பார்ப்போம். மாநகராட்சியின் பணம் ஒரே பெட்டியில் இல்லை. பொது நிதி, குடிநீர் வடிகால் நிதி, கல்வி நிதி என்று தனித்தனிக் கணக்குகள். பொது நிதி என்பது நாம் கட்டும் சொத்து வரி, தொழில் வரி, கடை வாடகை போன்றவை சேர்ந்தது. சம்பளம், ஓய்வூதியம், மின்கட்டணம் எல்லாம் போன பிறகு மிஞ்சுவதில்தான் தெரு வேலை. பெரும்பாலான பெரிய வேலைகள் வெளியிலிருந்து வரும் பணத்தில் நடக்கின்றன: மத்திய நிதிக்குழு மானியம், மாநில அரசின் கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், மக்களும் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைத் தரும் நமக்கு நாமே திட்டம், எம்.எல்.ஏ., எம்.பி. தொகுதி நிதி. வெளிப்பணத்துக்கெல்லாம் ஒரு நிபந்தனை உண்டு. உதாரணமாக, 2021 முதல் 2026 வரைக்கு 15-வது நிதிக்குழு நம்மைப் போன்ற நடுத்தர நகரங்களுக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று இருந்தது. அந்தப் பங்கிலிருந்து உங்கள் தெருவுக்கு ரோடு கேட்டால் கிடைத்திருக்காது. அதே தெருவுக்குக் குடிநீர்க் குழாய் கேட்டால் வழி இருந்தது. எந்தப் பணத்தில் எது நடக்கும் என்று தெரிந்துகொண்டு கேட்பவரின் மனுதான் மேசையில் நகரும்.

எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், இது கொஞ்சம் வேறு. நெய்யாற்றின்கரையில் உறவுக்காரர்கள் இருப்பவர்களுக்கு, வார்டு மக்கள் கூடிப் பேசும் வார்டு சபை பழக்கமான சொல். 1994-ன் கேரள நகராட்சிச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. 1996-ல் அங்கே மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கே ஒதுக்குவது என்று முடிவு செய்தார்கள். ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் எவ்வளவு என்பது மாநில பட்ஜெட்டின் நான்காம் பின்னிணைப்பில் அச்சாகிறது. எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே தெரிவதால், எதைச் செய்வது என்று வார்டில் உட்கார்ந்து பேசுவதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. நம் பக்கத்தில் பெரும்பாலும் திட்டம் முதலில் வருகிறது, அதற்கேற்ப வேலையைத் தேடுகிறோம். இந்த ஒரு விஷயத்தில் அவர்களைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

நம்மிடமும் பகுதி சபை என்று ஒன்று வந்திருக்கிறது. 2022-ல் விதிகள் வந்தன, அந்த ஆண்டு நவம்பர் 1-ல் உள்ளாட்சிகள் தினத்தன்று முதல் கூட்டங்கள் நடந்தன. ஒரு வார்டைச் சில பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதியின் வாக்காளர்கள் எல்லாரும் உட்கார்ந்து பேசும் இடம் அது. நம் தெருவுக்கு ஓடை முதலா, ரோடு முதலா என்று சொல்ல அதைவிடச் சரியான இடம் கிடையாது. கூட்டம் எப்போது என்று கவுன்சிலரிடம் கேட்டு வாங்குங்கள். போனால் பேசியதைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னது கூட்டம் கலைந்ததும் மறைந்துவிடும், பதிவேட்டில் ஏறியதை அடுத்த கூட்டத்தில் எடுத்துக் கேட்கலாம்.

இனி அந்த வினைச்சொல். அஜெண்டாப் பொருள்கள் எல்லாம் ஒரே மாதிரி முடிவதில்லை. "மன்றத்தின் அனுமதிக்கு" என்று முடிந்தால் வேலை இன்னும் தொடங்கவில்லை, மன்றம் வேண்டாம் என்று சொல்ல முடியும், திருத்தச் சொல்லவும் முடியும். "மன்றத்தின் பார்வைக்கு" என்றால் வெறும் தகவல். மூன்றாவது வகைதான் முக்கியம்: "அவசர அவசியம் கருதி மேயரின் முன் அனுமதி பெற்று பணி மேற்கொள்ளப்பட்டது, மன்றத்தின் பின்னேற்பு வேண்டப்படுகிறது." அதாவது வேலை முடிந்துவிட்டது, பணமும் ஏறக்குறையப் போய்விட்டது, இப்போது மன்றம் தலையாட்ட வேண்டும்.

முன் அனுமதி கெட்ட விஷயம் ஒன்றும் இல்லை. குடிநீர்க் குழாய் உடைந்து தெருவெல்லாம் தண்ணீர் ஓடும்போது அடுத்த மாதக் கூட்டம் வரை காத்திருக்க முடியாது. ஊருக்குக் குடிநீர் தரும் முக்கடல் அணையின் நீர்மட்டம் மைனஸில் இறங்கிவிட்ட கோடையில் லாரித் தண்ணீருக்கு ஏற்பாடு செய்வது அவசரம்தான். ஆனால் பூங்காவுக்கு நாற்காலி வாங்குவதும், சுவருக்கு வர்ணம் அடிப்பதும், விழாவுக்குப் பந்தல் போடுவதும் அந்தப் பட்டியலில் வந்தால் கேள்வி கேட்க வேண்டும். ஒரு வருட அஜெண்டாக்களை எடுத்து, எத்தனை பொருள் அனுமதிக்கு வந்தன, எத்தனை பின்னேற்புக்கு வந்தன என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஊரில் மன்றம் உண்மையில் முடிவெடுக்கிறதா, எடுத்த முடிவுக்கு முத்திரை மட்டும் குத்துகிறதா என்று அந்தக் கணக்கே காட்டிவிடும். கடைசி நேரத்தில் கூட்ட அரங்கில் வைத்துக் கொடுக்கப்படும் கூடுதல் பொருள்களும் அப்படித்தான். அவற்றைப் படிக்க யாருக்கும் நேரம் இருந்திருக்காது.

கூட்டத்தில் பொருள்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டு விவாதிக்கப்படும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலானவை மொத்தமாக நிறைவேறும். சிலவற்றுக்கு மட்டும் ஆட்சேபம் எழும், சில ஒத்திவைக்கப்படும். விவாதம் நடக்க வேண்டிய இடம் உண்மையில் அதற்கு முன்பே வரும் குழுக்கள். மாநகராட்சிகளில் பணிகள் குழு, வரிவிதிப்பு மற்றும் நிதிக் குழு, பொது சுகாதாரக் குழு, நகரமைப்புக் குழு என்று நிலைக்குழுக்கள் உண்டு. உங்கள் வார்டு கவுன்சிலர் எந்தக் குழுவில் இருக்கிறார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, தீர்மானம் நிறைவேறிவிட்டது. மறுநாள் வேலை தொடங்குமா? தொடங்காது. நம் மாவட்டத்தில் இதற்கு ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

தீர்மானத்துக்குப் பிறகு தொழில்நுட்ப அனுமதி. பொதுப்பணித் துறையின் விலை விகிதப் பட்டியலை வைத்துப் போட்ட மதிப்பீட்டை உயர் பொறியாளர் சரிபார்த்து ஒப்புக்கொள்வது அது. பிறகு டெண்டர். 1998-ன் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-ல் வந்த அதன் விதிகளும் இதற்குப் பொருந்தும். 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்கு ஒப்பந்தப்புள்ளி போட குறைந்தது 15 நாட்கள், அதற்கு மேல் என்றால் 30 நாட்கள் அவகாசம் தர வேண்டும். இப்போது எல்லாம் இணையவழி டெண்டர். வந்த புள்ளிகளைத் திறந்து, தகுதி பார்த்து, விலை பார்த்து, குறைந்த விலை மதிப்பீட்டைவிட எத்தனை சதவீதம் கூடுதல் அல்லது குறைவு என்று கணக்கிட்டு, ஏற்கலாமா என்று மறுபடியும் மன்றத்துக்கோ குழுவுக்கோ வரும். அஜெண்டாவில் ஒரே வேலை இரண்டு முறை தென்படுவது இதனால்தான். ஒரே ஒருவர் மட்டும் புள்ளி போட்டிருந்தால், அல்லது யாருமே போடாமல் மறு டெண்டர் போனால், இன்னும் சில வாரம் தள்ளும். அதன் பிறகு ஒப்பந்தம், பிணைத்தொகை, வேலை உத்தரவு.

இப்போது இந்த மாதக் கணக்கை நம் மழைக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். தமிழ்நாட்டின் மற்ற பெரும்பாலான மாவட்டங்களைப் போல் இல்லை நம் ஊர். ஜூனில் தென்மேற்குப் பருவமழையும் நனைக்கும், அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவமழையும் நனைக்கும். ஈரத் தரையில் தார் ஒட்டாது. நிம்மதியாக ரோடு போடக்கூடிய காலம் ஜனவரி முதல் மே வரைதான். ஜனவரியில் ரோலர் ஓட வேண்டுமென்றால் தீர்மானம் செப்டம்பர், அக்டோபரிலேயே நிறைவேறியிருக்க வேண்டும். மார்ச்சில் நிதியாண்டு முடிவதற்குள் செலவழிக்க வேண்டும் என்று அவசரமாகத் தீர்மானம் போட்டால், வேலை உத்தரவு மே கடைசியில் வந்து, ஜூன் மழைக்கு நடுவில் ஜல்லி இறங்கும். அந்த ரோடு அடுத்த வருடமே பெயர்ந்துவிட்டால் ஒப்பந்ததாரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கால அட்டவணையிலேயே பழுது இருந்தது. எனவே தெரு வேலைக்கு மனு கொடுப்பதாக இருந்தால் ஜூன், ஜூலையில் கொடுங்கள். வெயில் காலத்தில் கொடுக்கும் மனு அடுத்த வெயிலுக்குத்தான் உதவும்.

வரிசையும் முக்கியம். குடிநீர்க் குழாய் பதிப்பதோ பாதாளச் சாக்கடையோ அந்தத் தெருவுக்கு இனி வரப்போகிறது என்றால், இப்போது போடும் ரோடு வெட்டப்படும். மதிப்பீடு தயாராகும்போதே, "இந்தத் தெருவில் வேறு எந்த வேலை பாக்கி?" என்று உதவிப் பொறியாளரிடம் கேட்பது பல லட்சம் ரூபாயைக் காக்கும் கேள்வி.

மதிப்பீட்டின் நகலைக் கையில் வைத்திருந்தால், வேலை நடக்கும்போது ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். பெரிய கணக்கு எதுவும் தேவையில்லை. 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத் தெருவில் 15 சென்டிமீட்டர் கனத்தில் கான்கிரீட் என்றால் 45 கன மீட்டர். அதே தெருவில் கனம் 10 சென்டிமீட்டராகக் குறைந்தால் 30 கன மீட்டர்தான். மேலிருந்து பார்த்தால் இரண்டு ரோடும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் மூன்றில் ஒரு பங்கு கான்கிரீட் தரைக்கு வரவில்லை. ஆகவே தளம் ஊற்றுவதற்கு முன், பக்கவாட்டுப் பலகையின் உயரத்தை அளந்து பாருங்கள். ஊற்றிய பிறகு குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம், தண்ணீர் விட்டு நனைக்கிறார்களா என்று பாருங்கள். இன்டர்லாக் கல் என்றால், முடுக்குக்கும் நடைபாதைக்கும் 60 மில்லிமீட்டர் கல், வண்டிகள் அதிகம் ஓடும் இடத்துக்கு 80 மில்லிமீட்டர் கல் என்பது வழக்கம். மதிப்பீட்டில் எது எழுதியிருக்கிறது, வந்து இறங்கியது எது என்று ஒரு கல்லை அளந்தால் தெரிந்துவிடும்.

தார் ரோட்டில் பழைய தளத்தைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டால், வருடத்துக்கு வருடம் ரோடு உயர்ந்து, மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும். பழைய தளத்தை அகற்றிவிட்டுத்தான் புதிய தளம் போட வேண்டும், உயரம் கூடக் கூடாது என்று 2021-ல் தலைமைச் செயலரே எல்லாத் துறைகளுக்கும் அறிவுறுத்தினார். மதிப்பீட்டில் அந்தச் சுரண்டும் வேலைக்குத் தனி வரி இருக்கும். இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அது நடக்கிறதா என்றும் பாருங்கள்.

வேலை முடிந்ததும் உதவிப் பொறியாளர் அளந்து, அளவுப் புத்தகத்தில் பதிவு செய்வார். எம்.புக் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். ஒப்பந்ததாரருக்குப் பணம் போவது இந்தப் புத்தகத்தில் இருக்கும் நீளம், அகலம், கனத்தை வைத்துத்தான். மாநகராட்சியின் காகிதங்களிலேயே நான் மிக முக்கியமானதாக நினைப்பது இதை. தீர்மானம் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்கிறது, எம்.புக் என்ன செய்தோம் என்று சொல்கிறது.

இதைக் கேட்டு வாங்க 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். அந்தச் சட்டம் வெறும் நகல் தருவதோடு நிற்கவில்லை என்பது பலருக்குத் தெரியாது. நடக்கும் வேலையையும் ஆவணங்களையும் நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் மாதிரியை எடுக்கவும் அதில் உரிமை இருக்கிறது. மனுவில் "எங்கள் தெரு வேலை பற்றிய எல்லா விவரமும்" என்று எழுதினால் பதில் சுற்றி வளைத்து வரும். இப்படி எழுதுங்கள்: இன்ன வார்டு, இன்ன தெரு, இன்ன தேதிக் கூட்டத்தின் இன்ன தீர்மான எண்ணுக்கு உட்பட்ட பணியின் மதிப்பீட்டு நகல், வேலை உத்தரவு நகல், அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்கள், குறைபாடுகளுக்கு ஒப்பந்ததாரர் பொறுப்பேற்கும் காலம் முடியும் தேதி.

கடைசியாகக் கேட்ட அந்தத் தேதிக்குக் காரணம் உண்டு. வேலை முடிந்து ஒப்பந்தத்தில் சொன்ன காலம் வரை, தளம் வெடித்தாலோ கல் இறங்கினாலோ ஒப்பந்ததாரர் தன் செலவில் சரி செய்ய வேண்டும். அவர் கட்டிய பிணைத்தொகையும் அதுவரை மாநகராட்சியிடம் இருக்கும். அந்தக் காலம் முடிவதற்கு ஒரு மாதம் முன்பு தெருவை ஒருமுறை நடந்து பார்த்து, வெடிப்புகளைப் புகைப்படம் எடுத்து, தீர்மான எண்ணையும் வேலை உத்தரவு எண்ணையும் போட்டு ஆணையருக்கு ஒரு கடிதம் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். பிணைத்தொகையை விடுவிப்பதற்கு முன் அந்தக் கடிதம் கோப்பில் இருக்க வேண்டும்.